ஏரி உள்வாயில் ஒரு நம்பாலியா

அப்பா ஆட்டோ ஓட்டினார். வெளியூர்க்காரர்களைக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பிடித்து, நாலைந்து கோயில்களைச் சுற்றிக் காட்டி, கடைசியில் ஒரு பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடுவது அவர் தொழில். கோயில்களின் வயதை அவர் ஆளைப் பார்த்துத்தான் சொல்வார். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு ஆயிரம் வருடம். வெள்ளைக்காரர்களுக்கு இரண்டாயிரம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் மட்டும், "போர்டுல போட்டிருக்குது, படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனவே பழைய பொருள் எதுவானாலும் அப்பாவுக்கு அதில் தொழில்ரீதியாக ஓர் அக்கறை உண்டு என்று நான் நினைத்திருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அந்த எலும்பு கிடைத்தபோது அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிக்கிற தண்ணீர் போய் விழுவதற்காக ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை எதிலோ பட்டு நழுவியது. கையை விட்டுப் பிடுங்கி எடுத்து, மண்மேட்டின்மேல் வீசினார். என் கையைவிட நீளமான எலும்பு. ஒரு முனையில் இரண்டு குமிழ்கள். களிமண் அப்பிக் கறுத்துப்போய், தூக்கினால் கல் மாதிரி கனத்தது.

"மாட்டெலும்புமா. தொடாத" என்றார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அது மாட்டெலும்பு இல்லை என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் 'நம் நாட்டில் வாழ்ந்த விலங்குகள்' என்று பேச்சுப் போட்டி நடந்திருந்தது. எல்லோரும் புலியும் யானையும் பேச, மாமா எனக்கு மட்டும் ஒரு டைனோசரைப் பிடித்துக் கொடுத்தார். பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரே ஒரு பக்கம், அதுவும் இங்கிலீஷில். எனக்குப் பாதி புரிந்தது. தெலங்கானாவில், கோதாவரிப் பக்கம் கிடைத்த டைனோசர். செடிகொடி தின்பது. டைனோசர்கள் உலகத்தில் தோன்றி அதிக காலம் ஆகாதபோதே இருந்தது, பெரிய பெரிய நீளக் கழுத்துக்காரர்களுக்கெல்லாம் மூத்தது. இருபது கோடி வருடத்துக்கும் முந்தியது. பெயரை நான் எழுத்துக்கூட்டி 'நம்பலியா' என்று படித்தேன். நம்பாலியா என்று படித்திருக்க வேண்டும். மேடையிலும் நம்பலியா என்றே பேசினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. அந்த மிருகத்தின் சில எலும்புகள்தான் கிடைத்தனவாம். இடுப்பில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம், கைகாலில் கொஞ்சம். தலை கிடைத்ததாக எங்கேயும் எழுதவில்லை. ஆனால் மேலே ஒரு படம் இருந்தது. அதில் தலை இருந்தது, கண் இருந்தது, அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரிடம் கேட்டேன். அதன் சொந்தக்காரர்களைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்றார். அப்படியானால் மீதி எலும்பெல்லாம் எங்கே? எங்கேயோ மண்ணுக்குள் இருக்கிறது, யாராவது எடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது. தெலங்கானா ரயிலில் ஒரு ராத்திரித் தூரம் என்று மாமா சொல்லியிருந்தார். இருபது கோடி வருடத்தில் ஒரு மிருகம் அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்திருக்காதா என்ன?

"அப்பா, இது நம்பலியா" என்றேன்.

"நம்புறேன்மா. இன்னான்னு சொல்லு மொதல்ல."

"அதான்பா, நம்பலியா!"

"நம்புறேன்னுதான சொல்லிக்கினு இருக்கேன்?"

வாசலில் உட்கார்ந்து பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த அம்மா, எதற்கு இரண்டு பேரும் கத்துகிறீர்கள் என்று எட்டிப் பார்த்தாள். நான் முதலிலிருந்து விளக்கினேன். எத்தனை வருடம் என்று அப்பா கேட்டார். சொன்னேன். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"கோடியா? கோயிலே ஆயிரந்தான் ஆவுது" என்று முணுமுணுத்தார். பிறகு எலும்பை எடுத்துப் போய்த் தொட்டித் தண்ணீரில் கழுவி, துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே, "யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஜனங்க வேடிக்க பாக்க வந்துரும்" என்றார். தெருவில் கிடக்கும் கல்லுக்கெல்லாம் ஊர்பேர் தெரியாத ஆட்களிடம் வயது சொல்கிறவர், நிஜமாகவே பழைய ஒன்று கிடைத்திருக்கும்போது ஏன் வாயை மூடச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீடு முசரவாக்கம் போகிற பக்கம், ஒரு சின்ன ஏரியின் உள்வாயில் இருந்தது. கரைக்கு உட்பக்கம் மேடான இடத்தில் வரிசையாகப் பதினொரு வீடுகள். எங்களுடையது ஏழாவது. எனக்கு நினைவு தெரிந்து ஏரி வீட்டுப் பக்கம் வரைக்கும் நிரம்பியது ஒரே ஒரு தடவைதான், எலும்பு கிடைத்ததற்கு முந்திய வருடத்துப் பெருமழையில். எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. ரேஷன் கார்டு, பள்ளிக்கூட விண்ணப்பம், தபால் எல்லாவற்றுக்கும் டவுனில் இருந்த மாமா வீட்டு முகவரிதான். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் 'மாமா வூட்டாண்ட' என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. எங்கள் வீடுகள் எண் போடுகிற அளவுக்குப் பெரிதாக இல்லை போலிருக்கிறது என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கலெக்டர் ஆபீஸ் வாசலில், ஒரு புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பார். திங்கட்கிழமை ஜனங்கள் மனு கொடுக்க வரும் நாள் என்பதால் அன்று அவருக்குத் தலைதூக்க நேரம் இருக்காது. அந்தத் திங்கட்கிழமை டீச்சர்களுக்கு ஏதோ பயிற்சி என்று எங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அம்மா என்னை மாமாவோடு அனுப்பினாள்.

மாமா எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அன்று ஒரு பெரியவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மனுன்னா யாரு, இன்னா, எங்கன்னு இருக்கணும். மொத ரெண்டுல தப்பு வந்தாக்கூட பரவால்ல. எங்கன்றது தெளிவா இல்லேன்னா எந்த ஆபீசரும் வரமாட்டாரு."

இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு தாள் வாங்கி எழுதினேன். மாவட்ட ஆட்சியர் அய்யா அவர்களுக்கு, எங்கள் வீட்டின் பின்புறம் இருபது கோடி வருடப் பழமையான மிருகத்தின் எலும்பு கிடைத்துள்ளது, மீதி எலும்புகளும் அங்கேயே இருக்கலாம், எனவே தாங்கள் நேரில் வந்து தோண்டிப் பார்க்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று முழுவதும் மற்றவர்களுக்காக மாமா எழுதியதைப் பார்த்துப் பார்த்து, பணிவு எங்கே வர வேண்டும் என்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

மாமா அதை வாங்கிப் படித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் வாசித்துக் காட்டினார். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, "கலெக்டரே ஜீப்ப எடுத்துக்கினு வந்துருவாரு பாரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கே என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று அவரே சொன்னதால், நான் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டிருந்தேன். ஏரி, கரை, மதகு, பனைமரம், பதினொரு வீடுகள். எந்த வீடு யாருடையது என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி.

வரிசையில் போய் நின்றேன். மேசையில் இருந்த அம்மாள் தாளை வாங்கிக்கொண்டு, "இன்னா பாப்பா இது?" என்று கேட்டார்.

"நம்பலியா மேடம்."

"நம்புறேன், நம்புறேன். குடு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஓர் எண்ணைக் குறித்து, எனக்கு ஒரு ரசீதும் கொடுத்தார்.

மாமா திரும்பி வந்ததும் ரசீதைக் காட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, வரிசையில் யாரையாவது முந்திப் போனேனோ என்று நினைத்தேன்.

"எந்த அட்ரஸ் போட்ட? நம்ம வூட்டு அட்ரஸ்தான?"

"இல்ல மாமா. எலும்பு எங்க வூட்லதான இருக்குது? மேப் கூடப் போட்டேன்."

மாமா ஓடினார். செருப்பைப் போடாமல் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று வந்த மனுக்களைக் கட்டாகக் கட்டி உள்ளே எடுத்துப் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் அன்று யாருக்கும் எழுதவில்லை. எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை கலெக்டர் ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சொல்லாதே என்று அவரும் சொன்னார். எத்தனையோ வருடமாக மனு எழுதுகிற தன்னைவிட நான் ஒரே நாளில் ரசீதோடு வந்துவிட்டதில் அவருக்கு வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது, அதனால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்ற வீடுகளில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு ஜீப் கரைமேல் வந்து நின்றது. ஒரு பெண் அதிகாரியும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் இருந்த தாள் என்னுடையது. தூரத்திலேயே என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. ஓடிப் போய், "நான்தான் மேடம் எழுதுனேன்" என்றேன்.

அவர் நல்லவர். துவைக்கிற கல்லின்மேல் இருந்த எலும்பை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு செய்தித்தாளில் சுற்றச் சொல்லி, "மியூசியத்துக்கு அனுப்பிக் கேக்கலாம்" என்று ஜீப்பில் வைக்கச் சொன்னார். பிறகு என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நீயே வரைஞ்சதா? அளவெல்லாம் சரியா இருக்குதே" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் அளக்க ஆரம்பித்தார்கள். டவுனில் நெசவுக்காரர்கள் காலையில் தெருநெடுகப் பாவு நீட்டுவார்களே, அந்த மாதிரி அளக்கிற நாடாவை இழுத்துக்கொண்டு போனார்கள். "பாப்பா, இந்த முனைய கொஞ்சம் புடி" என்று சொன்னதும் நான் பிடித்துக்கொண்டேன். கரையிலிருந்து முதல் வீடு வரை. முதல் வீட்டின் நீளம், அகலம். அடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் யார் வீடு என்று அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன். எலும்பு எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடைத்திருக்க, முன்பக்கத்தை ஏன் அளக்கிறார்கள் என்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு எனக்கே புரிந்துவிட்டது. மிருகம் நீளமானது. முதல் வீட்டிலிருந்து பதினோராவது வீடு வரை அடியில் படுத்திருக்கிறது போலும்.

அம்மா கையில் பட்டு நூலோடு வாசலில் வந்து நின்றாள். நாடாவைப் பிடித்துக்கொண்டே அவளைப் பார்த்துக் கையாட்டினேன். அவள் கையாட்டவில்லை.

போகும்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஏழு. கடைசியில் எங்களுக்கும் கதவு எண் வந்துவிட்டது என்று நான் அன்று அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

அப்பா சாயங்காலம் வந்தார். ஆட்டோவை அணைக்காமலேயே இறங்கி வந்து அந்த எண்ணின் முன்னால் நின்றார். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மனுவில் என்ன எழுதினாய் என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடம். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"மேப்புல எத்தினி வூடு போட்ட?"

"பதினொண்ணும்பா."

"பேரு?"

"எல்லாம் போட்டேன்."

கட்டியிருந்த என் கைகளை அப்பா பிரித்துவிட்டார். "நல்லா எழுதியிருக்கமா" என்றார். பிறகு, "இனிமே யார்னா கேட்டா நீ எழுதுனன்னு சொல்லாத. இன்னா?" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் ஏன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் ஆட்டோவை அணைக்க எழுந்து போய்விட்டார்.

வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது தேர்வு விடுமுறையில். பதினொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் அடிபம்பைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். மாமாவும் வந்திருந்தார். முதல் வீட்டில் இருந்தவளை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் எனக்குத் தலைவாரி, சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். அந்த வருடம்தான் வீட்டுக்கு சிமெண்ட் தரை போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஈரம் காயும்வரை வாசலில் ஏறவிடாமல் காவல் காத்தாள்.

அவள்தான் முதலில் குரல் எழுப்பினாள். "இத்தினி வருஷமா ஒருத்தன் எட்டிப் பாக்கல. எவனோ மனு குடுத்துத்தான் வந்திருக்கானுங்க. அந்த ஜீப்புக்காரன் வாயாலயே சொன்னான். யாருப்பா குடுத்தது? சொல்லுங்க!"

என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தினால் இல்லை. எல்லோரும் கூடி நின்று யார் என்று கேட்கிறார்கள். மேடையில் பேர் கூப்பிடுவதற்கு முந்திய நொடி மாதிரி இருந்தது. சொல்லக் கூடாது என்று தலையாட்டியிருந்தேன்தான். ஆனாலும் அப்பா என்னைப் பார்த்து ஒரு சின்ன சைகை காட்டினால் போதும், முன்னால் வந்துவிடலாம் என்று அவரையே பார்த்தேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நாந்தான் குடுத்தேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"பட்டா கேட்டுக் குடுத்தேன். எல்லாருக்கும் சேத்துத்தான் கேட்டேன். இப்படி ஆவும்னு தெரியாது" என்றார். பட்டுக்கடை வாசலில் ஆட்களை இறக்கிவிடும்போது பேசுகிற அதே தெளிவான குரல்.

யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். பொத்தான் தெறித்து விழுந்தது. "உன்ன யாருடா கேக்கச் சொன்னது?" என்று ஒருவர் கத்தினார். பெரியம்மா பக்கத்தில் வந்து நின்று, அப்பாவின் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். அப்பா துடைத்துக்கொள்ளவில்லை.

"பொய்!" என்று நான் கத்தினேன். "அப்பா எழுதல! நான்தான்..."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் திமிறினேன். அவள் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது, அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. வெளியே சத்தம் அடங்கும்வரை அப்படியே என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வீடுகளை நாங்களே பிரித்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். கதவும் ஜன்னலும் கூரை ஓடுகளும் மிஞ்சும் என்று எல்லோரும் பிரித்தார்கள். சிலருக்கு வாலாஜாபாத் பக்கம் மாற்று இடம் கிடைத்தது. பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனாள். நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்குப் போனோம். அந்தப் பெருமழைக்குப் பிறகு எல்லா ஏரியையும் அளக்கத்தான் இருந்தார்கள், உன் மனு இல்லாவிட்டாலும் இன்னும் ஒரு வருடத்தில் வந்திருப்பார்கள் என்று மாமா இப்போதும் சொல்வார். இருக்கலாம். அந்த எலும்பு என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் அப்போது நினைத்ததெல்லாம் வேறு. மீதி எலும்புகளைத் தோண்டுவதற்காகத்தான் இடத்தைக் காலி செய்கிறோம் என்று நம்பினேன். அப்பாவிடம் கேட்டபோது, "ஆமாமா, தோண்டத்தான் போறாங்க" என்றார். தலை கிடைத்தால் என்னைக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். கூப்பிடுவார்கள் என்றார். அதைக்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டேன். அடிபம்படியில் அவர் சொன்ன பொய்க்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசுவதை நிறுத்தியிருந்தேன். கோயில் வயதை விற்றுப் பிழைக்கிறவர், இப்போது என் மிருகத்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டார். நாளைக்கு ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லுவார். இதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே என்னை யாரிடமும் சொல்லாதே என்றாரா?

கிளம்புகிற அன்று பீரோவைத் தூக்க யாரும் வரவில்லை. அந்த வரிசையில் ஒரு வீட்டில் கட்டில் நகர்த்தினால்கூட நாலு பேர் கைகொடுப்பார்கள். அன்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மாமாவுமாக, நடுவில் இரண்டு தடவை கீழே வைத்து, பீரோவை லோடு வண்டியில் ஏற்றினார்கள். அம்மா மாமாவோடு அதில் போனாள். கடைசியாகப் பாத்திரங்களும் பாயும் அப்பாவின் ஆட்டோவில்.

"முன்னால வந்து ஒக்காருமா" என்று தன் சீட்டில் கொஞ்சம் ஒதுங்கி இடம் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நான் பின்னால் போய்ப் பாத்திரங்களுக்கு நடுவில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இறங்கி வந்து, வெயில் படாதபடி பாயை என் பக்கமாக இழுத்துச் சாய்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஏழாம் வகுப்பு முடியும்வரை நான் அவரை மன்னிக்கவில்லை.